மூணாவது தபா

அக்கா,

பேரன் புதுக் கோரைப்பாய் வாங்கிவந்தான். கூரை ஒழுகி அதன் ஒரு மூலை நனைந்ததும் அந்த வாசனை எழும்பியது. கையிலிருந்த காபியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். நாற்பது வருஷமாகியும் அந்த ஏரி என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

அந்த ஐப்பசியில் நீ மூத்த மருமகள், நான் ஏழு மாசம் சுமந்த இளைய மருமகள். "வூட்ல குந்திக்கினு இருடி" என்று நீ திட்டியும் கேட்காமல் உத்திரமேரூர் ஏரிக்குள் கோரை அறுக்க உன் பின்னாலேயே வந்தேன், புத்தி கெட்டவள். மழை பிடித்துக்கொண்டது. வந்த வழியெல்லாம் கழுத்தளவு தண்ணீர். நாம் நின்ற மேடும் கொஞ்சம் கொஞ்சமாய் முழுகிக்கொண்டு வந்தது.

நீ அழவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு கருவேல மரங்களின் கவைகளில், கிளைகளை வெட்டிக் குறுக்கே போட்டாய். உன் புடவையைக் கிழித்துக் கட்டினாய். மேலே கோரைக்கட்டைப் பரப்பி என்னை ஏற்றினாய். மிச்சக் கோரையைத் தலைக்குமேல் வேய்ந்தோம். "கூரைக்கு நுனி கீய பாக்க வையிடி, தண்ணி வய்ஞ்சிடும்" என்று அதட்டினாய். பாவாடையோடு நடுங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினாய்.

விளக்கு வைக்கிற நேரம். மழை விட்டு, ஏரிமேல் புகையாய்ப் பனி. ஒரு தவளைகூடக் கத்தவில்லை. மதகுப் பள்ளத்துப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. "வள்ளீ... எறங்கி வா."

"தோ..." என்பதற்குள் என் வாயைப் பொத்தினாய்.

"மூணு தபா கூப்புடட்டும்டி. அதுங்க ரெண்டு தபாவுக்கு மேல கூப்புடாது."

மறுபடி ஒரு தரம். அதே குரல், இன்னும் கிட்டத்தில். உன் கையை ரத்தம் வரக் கடித்தேன், நீ எடுக்கவில்லை. மூன்றாவது முறை அது கூப்பிடவேயில்லை. தேடிவந்த மனுஷனைத் துரத்திவிட்டாயே பாவி என்று விடியவிடிய உன்னைத் திட்டினேன்.

காலையில் வாழைமரத் தெப்பத்தில் அவர் வந்தார். முதல்நாள் மத்தியானத்திலிருந்து ஊர்க்காரர்களோடு கரை உடையாமல் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாராம். "ஏரிக்குள்ள நான் எங்க வந்தேன்? நீங்க வூட்ல இல்லன்றதே வெடிஞ்சப்புறம்தான் தெரியும்" என்றார். நீ என்னைப் பார்த்தாய்.

போன தை மாசம் உன்னைக் கடைசியாய்க் குளிப்பாட்டும்போது, என் பல் பதிந்த தழும்பு உன் கையில் அப்படியே இருந்தது. அன்றைக்கு என் வயிற்றிலிருந்த மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள்.

நேற்றுச் சாயங்காலம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். "வள்ளீ" என்று உன் குரல். இன்னொரு தரமும் கூப்பிட்டாய். நீ சொன்னபடியே என் வாயை நானே பொத்திக்கொண்டு நின்றேன். அழுகையாய் வந்தது.

மூணாவது தபா ஏன்க்கா கூப்புடல?