இனி சூப்பர் என்று போடாதே

மைசூரு
புதன்கிழமை

என் தங்கம் தாரணிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அந்த டென்மார்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கச் சாமுண்டித்தாய் காப்பாற்றட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார், அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு ஸ்ரீதேவி இதைப் படம் பிடித்து அவள் போனிலிருந்து அனுப்புவாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, கடைசிவரை படி.

அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இடது கண் ஏறக்குறைய முடிந்துவிட்டது, வலது கண்ணிலும் ஓரமெல்லாம் மறைந்து நடுவில் கொஞ்சம்தான் மிச்சம். கண்ணில் பிரஷர், போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்ற உடனே ஆபரேஷன் செய்யணும் என்று டாக்டர் சொன்னார். இந்த மனுஷர் காதில் விழுந்தது பிரஷர் ஒன்றுதான். பிரஷருக்குத்தான் தினமும் மாத்திரை போடுகிறேனே என்று வீட்டுக்கு வந்து ஊறுகாயை நிறுத்தினார், அப்பளத்தை நிறுத்தினார், சாம்பாரில் உப்பே போடாதே என்றார். நானும் உப்பில்லாமல் ஆக்கிப்போட்டேன், எங்கள் அறிவை எங்கே போய்ச் சொல்ல. மறுபடி போனபோது டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு அந்தப் பிரஷர் வேறு இது வேறு என்றார். எனக்குப் புரிந்தது, அவர் ஒப்பவில்லை. இப்போதுதான் மழை விட்டிருக்கிறது, பட்டாம்பூச்சி வரும் காலம், பொங்கல் கழியட்டும் என்கிறார். பொங்கல்வரை அந்தக் கொஞ்சமும் தாங்காது கண்ணு.

விடிந்தால் கேமராவை மாட்டிக்கொண்டு குக்கரஹள்ளி கெரெ ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுகிறார், நான் பின்னாலேயே ஓடுகிறேன். போன வாரம் ஒரு தட்டானைப் படம் எடுக்கப் போய் முட்டிவரை சேற்றில் இறங்கிவிட்டார், வாக்கிங் வந்தவர்கள்தான் இழுத்துக் கரையேற்றினார்கள். நான் அழுதால், கேமராவைப் பற்றி உனக்கென்ன தெரியும், என் மகளே சூப்பர் என்கிறாள் என்கிறார். அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அப்பா மனசு குளிரட்டும் என்று அவர் போனில் அனுப்பும் படத்துக்கெல்லாம் நீ அப்படிப் போடுகிறாய், தெரியும். ஆனால் உன் சூப்பர்தான் அவருக்கு டாக்டர் சர்டிபிகேட்.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி அனுப்பினாரே, நீகூட இதயமெல்லாம் போட்டாயே, அதைப் பெரிதாக்கிப் பார். அது பூச்சி இல்லை, யாரோ தின்றுவிட்டுப் போட்ட மிட்டாய்க் காகிதம், செடியில் சிக்கியிருந்தது. மூச்சை அடக்கி அதன் முன்னால் மண்டியிட்டிருந்தார். பறக்கவே மாட்டேங்குது பாரு சொர்ணா, என்னைக் கண்டு பயமே இல்லை என்று அப்படிச் சந்தோஷப்பட்டார். நான் அவர் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டேன்.

நான் சொன்னால் சண்டை, டாக்டர் சொன்னால் சந்தேகம். நீ சொன்னால்தான் நம்புவார். இன்றைக்கே கூப்பிட்டு, ஸ்பீக்கரிலேயே சொல், அது பட்டாம்பூச்சி இல்லைப்பா என்று. உடைந்துபோவார். உடையட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்.

இருவரும் நூறு வயசு நன்றாக இருங்கள். காதை மூடாமல் வெளியே போகாதே. நான் எழுதியதைச் சொல்லிவிடாதே. இதோ செருப்புப் போடுகிறார், கெரெக்குத்தான். மத்தியானத்துக்குள் உனக்கு ஒரு படம் வரும். அது நிஜமான பட்டாம்பூச்சியாகவே இருந்தாலும், நல்லாயிருக்கு என்று சொல்லிவிடாதே தாயி.

கண்ணீரோடு உன் அம்மா,
சொர்ணலதா