பல்புக்கும் தலைமாடு உண்டு

கோவக்காரிக்கு,

எழுப்பினா நேத்து விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிப்பே, அதான் எழுதி வச்சிட்டுப் போறேன். முட்டையும் ரொட்டியும் மூடி வச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள சாப்பிடு. நான் பஸ்ல போறேன், கார் உனக்கு. சாவி இந்தச் சீட்டு மேலயே இருக்கு.

கார்ல ஏறினதும் உள்ளே இருக்கிற லைட்டைப் போட்டுப் பாரு. நேத்து நான் மாட்டி எரியாத அதே எல்இடி பல்புதான். "திருப்பி மாட்டிப் பாருங்க"ன்னு நீ சொன்னப்ப, "பல்புக்கு ஏதுடி தலைமாடு கால்மாடு"ன்னு கத்தினேன் இல்ல? விடிஞ்சதும் திருட்டுத்தனமா திருப்பி மாட்டினேன். பட்டப்பகல் மாதிரி எரியுது. பழைய பல்பை எப்படி மாட்டினாலும் எரியும், இது ஒரு பக்கமா மாட்டினாத்தான் எரியுமாம்.

பத்து மணிக்கு கூரியர்காரர் பல்பைத் திருப்பி வாங்க வருவார். வேண்டாம்னு அனுப்பிடு. உன் அண்ணன் சொன்ன கடைன்னு நான் திட்டினதை மட்டும் அண்ணன்கிட்ட சொல்லிடாதே.

சீட்டுல கீழே கொஞ்சம் இடம் இருக்கு, இதையும் சொல்லிடறேன்: ராத்திரி அந்தக் கடையோட ஆன்லைன் பக்கத்துல "மட்டமான பல்பு"ன்னு எழுதினதை அழிச்சிட்டேன். இப்ப, "அருமையான பல்பு. எரியலன்னா திருப்பி மாட்டுங்க. என் மனைவி முதல்லயே சொன்னாங்க"ன்னு போட்டிருக்கேன்.

செருப்பு மாட்டுறதுக்குள்ள மூணு பேர் "எங்க வீட்டுலயும் இதே கதைதான்"னு பதில் போட்டுட்டாங்க. அதுல ஒருத்தர் உன் அண்ணன்.