கச்சான் ஓயுமுன் கொச்சி விதை

செப்ரெம்பர் 6, வெள்ளி
எழுத்துகள் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகின்றன. மன்னிக்க வேண்டும். வலை இழுத்துக் காய்த்த விரல்கள், பேனைக்கு இன்னும் மடங்கவில்லை. மகள் அசனா, "மெதுவா வாப்பா, கொப்பி கிழியப் போகுது" என்று சிரிக்கிறாள். கிழியட்டும். எழுபது வயதில் 'ழ' எழுதிவிட்டேன். இன்று அதை மட்டுமே ஒரு பக்கம் எழுதினேன். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

செப்ரெம்பர் 9, திங்கள்
ரபீக்காவைத் திருகோணமலைக்கு டொக்டரிடம் கூட்டிப் போனோம். பஸ்ஸின் நெற்றியில் 'நிலாவெளி' என்று வாசித்தேன். நாங்கள் ஏற வேண்டிய பஸ் அது இல்லை. ஆனாலும் வாசித்தேன்.
என் மனைவியின் மறதி இனிக் குறையாதாம். கூடத்தான் செய்யுமாம்.

செப்ரெம்பர் 10, செவ்வாய்
எந்த விதையை எப்போது போடுவது என்று இந்த வீட்டில் அவளுக்கு மட்டுமே தெரியும். நான் கடலில் கிடந்தவன். அது அவளை விட்டுப் போவதற்கு முன் எழுதி வைக்க வேண்டும். இன்று கேட்டேன், தயங்காமல் சொன்னாள்.
இந்த வெயில் காலத்துக் கச்சான் காற்று ஓயுமுன் கொச்சி மிளகாயும் கத்தரியும் வீட்டுக்குள் போட வேண்டும். தயிர்ச் சட்டியின் அடியில் ஓட்டை போட்டு, சமைக்கிற குசினி யன்னலோரம் வைக்க வேண்டும். இப்போது வெளியில் போட்டால் வெயில் பாதி தின்னும், கோழி பாதி தின்னும். வாடை மழை இறங்கி மண் குளிர்ந்த பிறகு நாற்றை வீட்டைச் சுற்றிய வளவில் நடலாம். வெண்டி, பயற்றை, பூசணி அந்த மழைக்குத்தான், நேரே மண்ணில்.
ஏன் இந்த வித்தியாசம் என்றேன்.
"கொச்சி மாப்புள மாதிரி. பொண்ணு வீட்டுல கொண்டு வெச்சாலும் வேர் புடிச்சிரும். வெண்டி பொறந்த எடத்த உட்டு வராது."
நான் மூதூரிலிருந்து கிண்ணியாவுக்கு, அவள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. என்னைத்தான் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

செப்ரெம்பர் 11, புதன்
சட்டிகளில் விதை போட்டாள். நான் கரியால் பெயர் எழுதினேன். கொச்சி. கத்தரி. வாசித்தும் காட்டினேன். "எழுதாட்டித் தெரியாதாக்கும்" என்றாள்.

செப்ரெம்பர் 20, வெள்ளி
முளைத்துவிட்டது.

செப்ரெம்பர் 27, வெள்ளி
சட்டி எல்லாவற்றையும் நிலத்தில் கொட்டிவிட்டாள். நாற்றெல்லாம் வாடிக் கிடந்தது. இன்னும் விதை போடவில்லையே, மண் மாற்றுகிறேன் என்றாள். நான் சத்தம் போட்டிட்டன். அவள் யாரோ ஏசியது போலப் பயந்து அசனாவுக்குப் பின்னால் போய் நின்றாள். ஏன் கத்தின நான்? கத்தி என்ன வரப் போகுது —

ஒக்டோபர் 4, வெள்ளி
சட்டிகளில் மீண்டும் போட்டோம். இந்த முறை மகளின் அறை யன்னலில் வைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 25, வெள்ளி
மழை இறங்கிவிட்டது. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து பார்த்தால் குசினியில் புதிய தயிர்ச் சட்டிகள், உள்ளே வெண்டி விதை. மிச்சக் கொச்சி விதை முழுவதும் வளவில், கொட்டும் மழையில். எல்லாம் தலைகீழ். கையெல்லாம் சேறு, முகமெல்லாம் சந்தோசம். சரியாகச் செய்தேனா என்று கேட்டாள். ஓம் என்றேன். அசனா வாயைத் திறந்தாள், நான் கண்ணைக் காட்டினேன்.

நவம்பர் 1, வெள்ளி
குசினியில் வெண்டி வெளிச்சம் தேடி நீண்டு வளைந்து நிற்கிறது. வெளியில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 8, வெள்ளி
மகளின் அறையில் வளர்ந்த நாற்றுகளை வளவில் நட்டேன். ரபீக்கா பக்கத்தில் வந்து குந்தினாள். வெண்டி எப்போது போடுவது என்று கேட்டாள்.
என்னிடம் கேட்டாள்.
"மழ இறங்கினாப் பொறகு. சட்டி வேணாம், நேரே மண்ணுல" என்றேன்.
"ஒங்களுக்கு ஆர் சொன்ன?"
"என்ட பொஞ்சாதி."
கொஞ்சம் யோசித்தாள்.
"நல்லாத் தெரிஞ்ச மனிசி. அவவையும் ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்களன்."
சரி என்றேன். மண்ணைக் கிளறுவது போலக் குனிந்துகொண்டேன்.
பிறகு வெண்டி விதையை அவள் கையில் கொடுத்தேன். நான் விரலால் குழி எடுக்க, அவள் ஒவ்வொன்றாகப் போட்டு மூடினாள். மறுபடி கிளறாமல் இருந்தால் வருகிற வெள்ளிக்குள் முளைக்கும். கிளறினால் இன்னொரு முறை போடுவோம். எதுவானாலும் அன்றைக்கு எழுதுகிறேன்.