கெட்டிமேளத்தை மீறிய மைக்

14.6.1992, ஞாயிறு

தங்கை கல்யாணத்தை வீடியோ எடுக்க வயர்லெஸ் மைக்தான் வேண்டும் என்று சூலியா தெருவில் தேடி வாங்கியது என் கெட்ட புத்தி. "மாப்பிள்ள சட்டையில மாட்டுங்கண்ணே, மேளத்துலயும் பேச்சு கிளியரா கேக்கும் லா" என்றான் கடைக்காரன். கேட்டதே!

தாலி கட்டும்போது கெட்ட சொல் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் கொட்டுகிறார்கள்? அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா அவரிடம் குனிந்து சொன்னது, ஹெட்போனில் எனக்கு மட்டும் கேட்டது.

"இப்பக் கட்டிடு. டீச்சர் வேலைய நாளைக்கே விட வச்சிரலாம்."

"சரிம்மா."

தங்கை வேலைக்குப் போகட்டும் என்று மாப்பிள்ளை எங்கள் வீட்டில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்த அதே வாய்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேமரா ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன், மடையன்.

கிளம்பும்போது தங்கை சிரித்துக்கொண்டே கேட்டாள்: "தாலி கட்டுறப்ப அவரு ஏதோ சொன்னாருண்ணே. மந்திரமா? டேப்புல கேக்கும்ல?"