கட்டி தட்டாத கூழ்

மார்ச் 3, செவ்வாய்

வேலை முடிந்து வரும் வழியில் பாத்திரக் கடையில் ஒரு சல்லடை வாங்கினேன். இருப்பதிலேயே பொடிக் கண் உள்ளது. "டீ வடிகட்டவா?" என்றார் கடைக்காரர். "என் பொண்ணு சாப்பிட" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டுமே!

காலையில் குழந்தை டாக்டரம்மா உத்தரவு கொடுத்துவிட்டார். பொண்ணுக்கு ஆறு மாதம் முடிந்தது. கழுத்து நன்றாக நிற்கிறது. நாங்கள் சாப்பிடும்போது ஒவ்வொரு வாயையும் கணக்குப் பார்க்கிறாள். "ஆரம்பிச்சிடலாம். உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் கூடவே கூடாது. வேகவெச்சு மசிச்சுக் குடுங்க."

மசிப்பதா? என்னிடமா சொல்கிறீர்கள்? நான் பட்டி பார்க்கிறவன். பெயின்ட் அடிக்கும் முன் சுவரின் பள்ளம் மேடு தெரியாமல் மாவு பூசி இழைப்பது என் பிழைப்பு. கட்டி என்றாலே எனக்கு ஆகாது. இந்தக் காரியத்துக்கென்றே பிறந்தவன் நான். சில்வண்டே, நாளைக்கு இருக்கிறது உனக்கு விருந்து!

(அழுதால் காது கிழியும், அதனால் அவள் சில்வண்டு. நல்ல பெயர் ஒன்று பிறப்புச் சான்றிதழில் தூங்குகிறது.)

மார்ச் 4, புதன்

முழுங்கிவிட்டாள்! முழுங்கிவிட்டாள்!

கேரட். ஆவியில் வேகவைத்து, மசித்து, சல்லடையில் மூன்று முறை தேய்த்து, அவள் அம்மாவின் பால் கொஞ்சம் விட்டு இளக்கினேன். பிறகு புதிதாக வாங்கிய பட்டித் தகட்டால் தட்டில் பரப்பி, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். சுவரில் சின்ன மேடு இருந்தாலும் அப்படிப் பார்த்தால் நிழல் காட்டிக் கொடுத்துவிடும். தட்டில் ஒரு நிழல்கூட இல்லை. கண்ணாடி!

இவள் (வேறு யார், என் மனைவிதான்) வாசலில் நின்று சிரித்தாள். "இது சுவத்துக்கா, குழந்தைக்கா?"

முதல் ஸ்பூனுக்கு முகம் அஷ்டகோணல். பாதி வெளியே வந்தது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதற்கு வாய் தானாகத் திறந்தது! தொண்டை ஏறி இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். மாடியில் குடியிருக்கும் என் அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். என்னவோ ஏதோ என்று ஈரக் கையோடு ஓடி வந்தாள். "ஒரு ஸ்பூன் முழுங்கினதுக்கா இந்தக் கூப்பாடு?" என்று சொல்லிவிட்டு அவளும் முட்டிபோட்டு உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

நாலாவது ஸ்பூன் 'புர்ர்' என்று என் மீசைக்கு வந்தது. துடைத்துக்கொண்டு முனகினேன். "கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னா எப்படிடா? ஒண்ணை எடு" என்கிறாள் அக்கா.

மீசை இருக்கும். முகத்தை எட்ட வைத்துக்கொள்வேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஃப்ரீசரைத் திறந்து திறந்து பார்க்கிறேன். ஐஸ் தட்டுகளில் கூழை ஊற்றி உறைய வைத்திருக்கிறேன். ஆரஞ்சு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பெயின்ட் கம்பெனிக்காரன் கொடுக்கும் கலர் அட்டை மாதிரி இருக்கிறது! பச்சைப் பட்டாணிக்குத்தான் பாடு. ஒவ்வொன்றாகத் தோல் உரித்தேன். அதற்குப் பிறகும் சல்லடையில் ஒரு கை கசடு தங்கியது. வழித்துக் குப்பையில் போட்டேன்.

என்னோடு வேலை செய்கிறவன் மதியம் வந்தான். ஏணி இல்லாமலே விட்டத்தைத் தொடுவான் என்பதால் அவனுக்கே ஏணி என்று பெயர். ஃப்ரீசரை எட்டிப் பார்த்து, "எத்தனை கோட் அடிக்கணும் அண்ணே?" என்று கேட்டான்.

மார்ச் 15, ஞாயிறு

பூசணி. கிண்ணம் காலி!! எழுத நேரமில்லை, ஃபேனில்கூட பூசணி இருக்கிறது.

மார்ச் 23, திங்கள்

இவள் வேலையிடத்திலிருந்து சூப்பர்வைசர் பேசினார். பிரசவ லீவு முடிந்து மே நாலாம் தேதி, காலை ஷிப்ட். "அன்னைக்கு வரலைன்னா அந்த சீட்டுக்கு வேற ஆளை ஏத்திடுவோம்மா. தப்பா எடுத்துக்காத, கப்பல் நமக்காகக் காத்திருக்காது."

இவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். சின்ன கிரேனில் வருஷக்கணக்காகக் காத்திருந்து, கன்டெய்னர் தூக்கும் பெரிய கிரேன் கைக்கு வந்த அடுத்த மாதம் சில்வண்டு வயிற்றில் வந்தாள். லிஃப்டில் ஏறி அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பாதி ஷிப்ட் முடிந்து மாற்று ஆள் வரும்வரை இறங்க முடியாது. குழந்தை அழுகிறாள் என்று நடுவில் ஓடி வருகிற வேலையா அது?

பாட்டில் சில்வண்டுக்கு எட்டிக்காய். பாலைக் கிண்ணத்தில் கொடுத்தால் துப்புகிறாள். ஆகவே எல்லாம் என் கூழை நம்பித்தான் இருக்கிறது. காலையில் நான் வீட்டில், இவள் வந்ததும் நான் வேலைக்கு என்று ஏணியிடம் பேசிவிட்டேன்.

"நடக்குமாங்க?" என்றாள். "நடக்குமாவா? பேஷா நடக்கும்!" என்றேன். அப்போது நான் ஆப்பிள் மசித்துக்கொண்டிருந்தேன். உலகத்தையே மசித்துவிடலாம் போல இருந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

இரண்டு நாளாக ஸ்பூனைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். எங்கேயோ கட்டி இருந்திருக்கும். டார்ச்சில் தப்பியிருக்கும். சல்லடைக்கு மேல் துணி கட்டி வடிக்கப் போகிறேன்.

ஏப்ரல் 11, சனி

துணியில் வடித்துப் பார்த்தாயிற்று. தலையை அப்படித் திருப்புகிறாள், இப்படித் திருப்புகிறாள், கையால் தட்டி விடுகிறாள். இதைவிட வழவழப்பாகச் செய்ய ஆண்டவனால்தான் முடியும். பல்லா? காய்ச்சலா? ஒன்றும் இல்லை. சிரிக்கிறாள், விளையாடுகிறாள். தட்டைக் கொண்டுவந்தால் மட்டும் நான் எதிரி.

ஏப்ரல் 16, வியாழன்

இன்று ஒத்திகை. லீவு முடிவதற்கு முன் இவளுக்குத் துறைமுகத்தில் கண் பரிசோதனையும் பயிற்சியும் இருந்தன. இவள் விடியலில் போய்விட்டு மதியம்தான் வந்தாள். எட்டு மணிக்கு உருளைக்கிழங்கு. வேண்டாம். பத்து மணிக்கு பேரிக்காய். வேண்டாம். பாட்டில் தரையில் உருண்டது. அதற்குப் பிறகு அழுகைதான். தோளில் போட்டுக்கொண்டு வீட்டை எத்தனை சுற்று சுற்றினேன் என்று தெரியாது. அக்கா இறங்கி வந்து வாங்கிப் பார்த்தாள், முடியவில்லை.

இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து வாங்கி மார்போடு அணைத்தாள். அழுகை நின்றது. அப்புறம் இவள் அழுதாள்.

"நான் வேலையை விட்டுடறேங்க. போதும்."

எனக்கு வந்ததே கோபம்! "அப்ப நான் எதுக்கு இருக்கேன்? ஒண்ணரை மாசமா நான் என்ன செஞ்சிட்டிருக்கேன்?"

"செய்யறீங்க. அவ சாப்பிடலையே."

உண்மைதானே. சாப்பிடலையே. ஊரான் வீட்டுச் சுவத்தையெல்லாம் கண்ணாடியாக்கத் தெரியுது, பெத்த பொண்ணு வாய்க்கு ஒரு கவளம் குடுக்கத் தெரியல. அந்த பெரிய கிரேன் கைக்கு வந்த அன்னைக்கு இவ போன்ல சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. என் சமையல் சரியில்லாம அது போகணுமா?

ஏப்ரல் 17, வெள்ளி

விரலெல்லாம் பூசணிப் பிசுக்கு. எழுத்து கோணலாகத்தான் வரும், வரட்டும்!

காலையில் பூசணியும் உருளைக்கிழங்கும் தேய்த்தேன். இது கடைசித் தடவை என்று மனதுக்குள் ஒரு முடிவு. தேய்த்து முடித்த சல்லடையை, அடியில் தங்கிய கசடோடு, சில்வண்டின் நாற்காலிப் பலகையில் வைத்துவிட்டுத் தகட்டைக் கழுவத் திரும்பினேன். சத்தமே இல்லை. எங்கள் வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

திரும்பினேன். முழங்கைவரை சல்லடைக்குள்! முஷ்டி நிறைய கசடை அள்ளி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். கட்டி! கட்டி கட்டியாக! பாய்ந்து போய் வாயில் விரலை விடப் பார்த்தேன், ஈறால் கடித்துவிட்டாள். அப்புறம் ஒரு உமட்டல். கண்ணில் நீர், முகம் சிவப்பு, நாக்கு வெளியே. என் உயிர் போய்விட்டது. அவள் என்னடாவென்றால் அந்தக் கட்டியை வாயின் முன்பக்கம் கொண்டுவந்து, ஈறால் நன்றாக அரைத்து, முழுங்கிவிட்டு, "ஹே!" என்று பலகையைத் தட்டினாள்.

இன்னும் வேண்டுமாம்!

அடிப் பாவி! ஆறு வாரமாக நான் குப்பையில் கொட்டியதுதான் உனக்கு வேண்டியதா?

சல்லடையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் பலகையில் போட்டேன். கழுவிய தகடு ஒரு பக்கம், நிழலே விழாத கூழ் ஒரு பக்கம் கிடந்தது. அதை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒவ்வொரு கட்டியையும் பிடித்து, நசுக்கி, பார்த்து, வாயில் போட்டுக்கொண்டாள். தலைமுடியில் பாதி, வயிற்றில் பாதி. திரும்பினால் கதவருகில் இவள் நிற்கிறாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. எப்போதிலிருந்து நிற்கிறாளோ.

"ஏங்க, பேசாதீங்க. அவ சாப்பிடறா" என்றாள், ரகசியமாக. நான் பேசவே இல்லை. அழுதுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 18, சனி

டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், டார்ச் அடித்ததுவரை. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "மசிச்சுக் குடுங்கன்னுதானே சொன்னேன், இழைச்சுக் குடுங்கன்னா சொன்னேன்? ஆரம்பத்துல கூழ் சரி. இப்போ ஏழு மாசம் தாண்டியாச்சு, அவளுக்கு மெல்லணும், கையால எடுக்கணும்."

உமட்டியதைச் சொன்னேன். "உமட்டறது பழகறதுதான், பயப்படாதீங்க. சத்தமே வராம திணறினாத்தான் ஆபத்து." அப்படி ஆனால் குப்புறப் போட்டு முதுகில் எப்படித் தட்டுவது என்று பொம்மையை வைத்துக் காட்டினார். நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும், நகராமல் பக்கத்தில் இருக்க வேண்டும், எதுவானாலும் இரண்டு விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு விரல். என்னிடம் பத்து இருக்கிறது!

ஏப்ரல் 22, புதன்

கேரட் விரல் நீளத்துக்கு, நன்றாகக் குழைய வெந்தது. உருளைக்கிழங்கு முள்கரண்டியால் ஒரே ஒரு அழுத்து. வாழைப்பழம் அப்படியே. முட்டை மஞ்சள் கரு உதிர்த்தது. எல்லாம் போகிறது! நான் ஸ்பூனில் கொடுத்தால் ஸ்பூனைப் பிடுங்கிக்கொள்கிறாள். சரி, நீயே ஓட்டு தாயே, உன் அம்மா மகள்தானே நீ.

நாற்காலிக்கு அடியில் வேலைக்கு விரிக்கும் தார்ப்பாயை விரித்திருக்கிறேன். சுவரின் கீழ்ப்பாதி போய்விட்டது. நான் பட்டி பார்த்த சுவர். ஏணி வந்து தடவிப் பார்த்துவிட்டு, "புது டெக்ஸ்ச்சர் நல்லா இருக்கு அண்ணே, என்ன ரேட்?" என்கிறான்.

ஏப்ரல் 29, புதன்

மறு ஒத்திகை. இவள் காலை முழுதும் மாடியில் அக்கா வீட்டில் ஒளிந்திருந்தாள். சில்வண்டு இரண்டு வேளை சாப்பிட்டாள், கிண்ணத்திலிருந்து தண்ணீர்கூட இரண்டு மிடறு! நடுவில் கொஞ்சம் சிணுங்கித் தூங்கினாள். மாடியில்தான் நிலைமை மோசமாம். "உன் பொண்டாட்டியை என்னால சமாளிக்க முடியலடா, அவளுக்கு எதாவது மசிச்சுக் குடு" என்று அக்கா கீழே வந்து சொல்கிறாள்.

மே 3, ஞாயிறு

இவள் சீருடையை இஸ்திரி போட்டாள். தலைக்கவசத்தைச் சில்வண்டின் தலையில் வைத்துப் பார்த்தோம், தோள்வரை மூடிக்கொண்டது. நாளைக்கு. நாளைக்கான பட்டாணியை இன்றே எடுத்து, இரண்டு முறை எண்ணி வைத்தேன்.

மே 4, திங்கள்

போனாள். தெருமுனை திரும்பும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சில்வண்டு கையாட்டவில்லை, என் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்கு உருளைக்கிழங்கும், தோலோடு நசுக்கிய பட்டாணியும். தின்றாள். பத்தரைக்குக் கொஞ்சம் தேடினாள், கதவைப் பார்த்து அழுதாள். தோளில் போட்டுக்கொண்டேன், தூங்கினாள். பாதி ஷிப்டில் இறங்கியதும் போன். நான் ஹலோ சொல்வதற்குள், "சாப்பிட்டாளா?" சாப்பிட்டாள் என்றேன். "நிஜமா?" நிஜமாக. "சத்தியமா?" பொண்ணு தலையில் கை வைத்துச் சொன்னேன், கையெல்லாம் பட்டாணி. "இன்னைக்கு எத்தனை கன்டெய்னர் தெரியுமாங்க? ஒண்ணுகூட ஆடல!" என்று கத்தினாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இவள் சிரிப்பும் இருந்தது.

இரண்டரைக்குக் கதவு திறந்தபோது பூசணித் துண்டுகளோடு நாற்காலியில் இருந்தாள் சில்வண்டு. இவள் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்து முன்னால் மண்டியிட்டாள், தூக்கக் கை நீட்டினாள். சில்வண்டு உற்றுப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு கையில் இருந்த நசுங்கிய பூசணியை அம்மாவின் உதட்டில் வைத்து அழுத்தினாள். இவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சில்வண்டு இன்னொரு துண்டு எடுத்தாள், அதையும் ஊட்டினாள். அப்புறம் இன்னொன்று.

இவளும் மறுக்காமல் மென்று மென்று தின்றாள். காலையிலிருந்து இவள் எதுவுமே சாப்பிட்டிருக்கவில்லை.