ரொஷேல் மிஸ் அந்த வார்ட்டிலேயே இருக்க வேண்டும்

அனுப்புநர்:
திருமதி பிலோமினா ஸ்ரனிஸ்லாஸ்,
ஜம்பட்டா வீதி, கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மார்த்தா ஞாபகார்த்த வைத்தியசாலை,
கொழும்பு வடக்கு.

விடயம்: ஆண்கள் சத்திரசிகிச்சை வார்ட்டுத் தாதி செல்வி ரொஷேலுக்கு எதிராக எங்கள் குடும்பத்தின் பேரில் தரப்பட்ட முறைப்பாடு எங்களுடையது அல்ல என்பது பற்றி.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஞாபகத்தில் பிழை இருக்காது.

2. என் கணவர் ஸ்ரனிஸ்லாஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். பாரம் தூக்கியதில் இரண்டு பக்கமும் ஹேர்னியா. கடந்த ஓகஸ்ட் மாதம் வலது பக்கத்துக்குத் தங்கள் வைத்தியசாலையில் ஒப்பரேசன் நடந்தது. டொக்டர்மாரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்குச் சீனி வருத்தமும் இருப்பதால், அது இறங்கும்வரை வார்ட்டிலேயே வைத்திருந்தார்கள்.

3. அங்கே ஒருநாள் காயம் எரிகிறது, சுடுகிறது என்று அவர் சொன்னார். அன்று கடமையிலிருந்த இளம் தாதி மிஸ் காயத்துக் கட்டை மேலால் பார்த்துவிட்டு, “ஒப்பரேசன் எண்டால் நோகும்தானே அங்கிள்” என்று போய்விட்டார். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

4. மறுநாள் ரொஷேல் மிஸ் வந்தார். என் கணவரின் முகத்தைப் பார்த்தார், நெற்றியைத் தொட்டார், காய்ச்சல் பார்த்தார். கை கழுவும் திரவப் போத்தல் வெறுமையாக இருந்தது. தானே கீழே போய் வேறு போத்தல் கொண்டுவந்து, கை கழுவி, புதுக் கையுறை போட்ட பிறகுதான் கட்டைப் பிரித்தார். காயத்தைச் சுற்றி மிளகாய்ப் பழம் போலச் சிவப்பு. சீழும் இருந்தது. அதற்கு நடுவில் எண்ணெயில் தோய்ந்த பஞ்சு ஒன்றும் இருந்தது.

5. அந்தப் பஞ்சை நான் வைக்கவில்லை. வைத்தவர் என் கணவரின் அக்கா, மட்டக்குளியில் இருக்கும் என் மச்சாள் ஐறீன். நான் சுடுதண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, பஸ் கம்பியைப் பிடித்து வந்த கையாலேயே பிளாஸ்டரைக் கிளப்பி, அந்தோனியார் கோயில் விளக்கு எண்ணெயில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்திருக்கிறார். என் கணவரைக் கேட்டதற்கு, “அக்கா வைச்சா, நான் என்னெண்டு வேண்டாமெண்டு சொல்லுறது” என்கிறார். அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். எங்கள் கலியாணத்தன்று ஐறீன் என்னைப் பற்றிச் சொன்ன வார்த்தை இந்த மனுவுக்கு வேண்டாதது என்பதால் விடுகிறேன்.

6. ரொஷேல் மிஸ் பஞ்சை இடுக்கியால் எடுத்து, அழுக்குக் கட்டோடு கிருமிக் கழிவு போடும் மஞ்சள் பையில் போட்டார். பிறகு, முழு வார்ட்டுக்கும் கேட்க, என்னைப் பார்த்து, “அம்மே, உங்களுக்கு மனுசன் வேணுமா, எண்ணெய் வேணுமா?” என்றார். பக்கத்தில் நின்ற ஐறீன் செபமாலையை உருட்டிக்கொண்டு நின்றாரே தவிர, தான்தான் வைத்தது என்று வாய் திறக்கவில்லை.

7. பேசிக்கொண்டே மிஸ்ஸின் கை வேலை செய்தது. சீழில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். டொக்டரைக் கூப்பிட்டார். டொக்டர் உடனே வந்து பார்த்து, ஊசி மருந்து எழுதித் தொடங்கவைத்தார். மிஸ் சிவப்பின் ஓரத்தில் பேனையால் தோலிலேயே கோடு கீறி, “இது கோட்டைத் தாண்டினால் எந்த நேரமும் கூப்பிடுங்க” என்றார். வயிற்றுக்குள் வலை வைத்துத் தைத்திருப்பதால், கிருமி அங்கே இறங்கினால் ஆளுக்கே ஆபத்து என்றும் சொன்னார். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு அதைத் தாண்டவில்லை. பிறகு உள்ளே உள்ளே சுருங்கி, ஒருநாள் வெறும் கோடு மட்டும் இருந்தது. அன்று எனக்கு வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் முழுதாகக் குடித்தேன்.

8. இப்போது காயம் நன்றாகக் காய்ந்துவிட்டது. அவர் தனியாகக் கொச்சிக்கடை வரை பஸ்ஸில் போய் வருகிறார். கடைசியாகக் காயம் காட்ட வந்தபோது ரொஷேல் மிஸ்ஸைக் காணவில்லை. விசாரித்தபோது, அவர் புனிதப் பொருளைக் குப்பையில் எறிந்து எங்கள் வேதத்தை அவமதித்தார் என்று ‘குடும்பத்தினர்’ முறைப்பாடு கொடுத்திருப்பதாகவும், விசாரணை முடியும்வரை அவரை வார்ட்டிலிருந்து எடுத்திருப்பதாகவும் சொன்னார்கள். ஐயா, அந்தக் குடும்பத்தினர் ஐறீன் ஒருவர்தான். மனைவி நான் கையெழுத்து வைக்கவில்லை. அந்தோனியாரை நானும் செவ்வாய் தவறாமல் கும்பிடுகிறவள். பஞ்சைப் புண்ணுக்குள் வை என்று அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை.

9. ஆகவே தயவுடன் கேட்பது: அந்த முறைப்பாட்டைத் தள்ளி, ரொஷேல் மிஸ்ஸைத் திரும்ப அதே வார்ட்டில் விட வேண்டும். காயம் சுடுகிறது என்று நோயாளி சொன்னால் கட்டைப் பிரித்துப் பார்க்க மற்ற மிஸ்மாருக்கும் பழக்க வேண்டும். திரவப் போத்தல் வெறுமையாகக் கிடக்க விடக்கூடாது. காயத்துக் கட்டைத் தொட வேண்டாம் என்று பார்க்க வருகிறவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் வாசலிலேயே சொல்ல வேண்டும். என் கணவரின் இடது பக்கத்துக்கு ஜனவரியில் திகதி தந்திருக்கிறார்கள். அந்த மிஸ் இல்லாத வார்ட்டில் அவரைப் படுக்க வைக்க எனக்குத் துணிவில்லை.

10. கடைசியாக ஒன்று. செய்யாத குற்றத்துக்கு வார்ட்டுக்கு முன்னால் அவர் என்னைப் பேசியது உண்மை. அது எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. அதை ஜனவரியில் நானே நேரில் கேட்டுக்கொள்வேன். தாங்கள் அதற்கென்று தனியாக விசாரணை வைக்க வேண்டியதில்லை.

தங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
பி. ஸ்ரனிஸ்லாஸ்
(கையொப்பம்)

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 2025.10.07