கட்டை விரல் மையோடு பேசிய பெண்ணுரிமை

அக்கா,

இந்த வருஷ மகளிர் தினத்துக்கும் எனக்கு இட்லிப் பானைதான் கொடுத்தார்கள். கோவையில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. சமத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் பேசவிட்டு, பொன்னாடை போர்த்தி, கையில் பானையைத் திணித்தார்கள். மேடையில் ஏழு நாற்காலி; ஐந்தில் ஆண்கள். அதில் ஒருவர் கவுன்சிலரம்மாவின் வீட்டுக்காரர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், மகளிருக்கு இவரே வாழ்த்துச் சொன்னார். கோலப் போட்டிக்கு நடுவர் ஒரு ரிட்டயர்டு இன்ஜினீயர்.

வீட்டுக்கு வந்து பானையைப் பிரித்தேன். புது அலுமினிய வாசனை குப்பென்று வந்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். உங்கள் போத்தனூர் வீட்டுப் பரண் முழுக்க இப்படிக் கிடைத்த பாத்திரங்கள்தானே? “உரிமை கேட்டா ஏனங் குடுக்கறாங்க அம்மணி. இன்னும் பத்துக் கூட்டம் பேசினம்னா ஓட்டலே வெச்சரலாம்” என்பீர்கள்.

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகையைவிட எரிச்சல்தான் அதிகமாக வருகிறது. பேச்சு பாதியில் இருக்கும்போது மைக்கைப் பக்கத்தில் இருப்பவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போவது என்ன பழக்கம்?

நம்மைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நீங்கள் தோட்டத்துக் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்து நர்ஸானவர். பாகம் பிரிக்க உங்கள் வீட்டில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. நான் காங்கேயத்துப் பக்கம் தென்னந்தோப்பும் எண்ணெய் மில்லும் உள்ள வீட்டில் பிறந்தவள். பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு உண்டு என்று ஊர் ஊராகத் தொண்டை வறளப் பேசியதோ நீங்கள். என் வேலை, ஆரம்பத்தில் மாமியார் கதை, நாத்தனார் கதை சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது. சிரித்துக் களைத்தவர்களிடம் நீங்கள் சட்டத்தை எடுத்துச் சொல்வீர்கள்.

உடுமலைக் கூட்டம் நினைவிருக்கிறதா? கேட்பானேன், நீங்கள் எதை மறந்தீர்கள்!

அன்றைக்குக் காலையில் அண்ணன் காரை அனுப்பினார். அப்பா போய் வருஷம் திரும்பியிருந்தது. நங்கை, அதாவது அண்ணன் மனைவி, ஒரு பட்டுச்சேலையைத் தட்டில் வைத்து நீட்டினார். “ஒரே ஒரு கையெழுத்துத்தான் கண்ணு. ஊருல எல்லாப் புள்ளைகளும் போட்டுக் குடுக்கறதுதான?” என்றார் அண்ணன். அந்தக் காகிதத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். தோப்பில் எனக்குள்ள பங்கை நான் விட்டுக்கொடுக்கிறேனாம். நகை போட்டாகிவிட்டது, சீர் செய்தாகிவிட்டது. கையெழுத்துப் போடாத பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசல் இல்லை. இது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் போட்டேன், கட்டை விரல் ரேகையும் வைத்தேன். அந்தச் சேலையையே கட்டிக்கொண்டு பஸ் ஏறி உடுமலைக்கு வந்து, “பங்கை விடாதீர்கள் பெண்களே!” என்று முழங்கினேன். சேலை நன்றாக இருப்பதாக நாலு பேர் சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நீங்கள் கேட்டீர்கள். “ஏனுங்க அம்மணி, கட்டை வெரலுல என்னங்க மை?”

மழுப்பிப் பார்த்தேன். உங்களிடம் நடக்குமா? எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் சொன்னீர்கள்: “எங்கூட்ல பிரிக்கறதுக்கு நெலமே இல்ல. உங்களுக்கு இருந்தும் எழுதிக் குடுத்துப்போட்டு, நேரா மைக்குக்கு வந்துட்டீங்களாக்கும்.”

அந்த வார்த்தை தாங்காமல் நான் அழுததும், உங்களுக்கே பாவமாகிவிட்டது. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனபோது நடந்ததைச் சொன்னீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண், தன் அண்ணன் ஒரு ஆட்டைக் கொடுத்து நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டதாகச் சொன்னாளாம். “அங்க ஆடு, இங்க பட்டுச்சேலை. ஒலகத்துல இருக்கற அண்ணமாரு பூரா ஒரே ஸ்கூல்ல படிச்சிருப்பாங்களாட்ட இருக்குது” என்றீர்கள். அழுதுகொண்டே சிரித்தேன். அப்போது மெதுவாகச் சொன்னீர்கள், “அடுத்த கூட்டத்துல இதையும் சொல்லிப்போடுங்க அம்மணி. உங்க கதைகள்ல உருப்படியானது இது ஒண்ணுதான்.”

சொன்னேன். ஆனால் ‘என் சித்தி மகளுக்கு நடந்தது’ என்று சொன்னேன். அன்றிலிருந்து எத்தனை மேடையில் அந்தச் சித்தி மகளை ஏற்றி இறக்கியிருப்பேன்! கூட்டம் அவளுடைய அசட்டுத்தனத்தைக் கேட்டுக் கைதட்டும். பக்கத்து நாற்காலியில் நீங்கள் கைதட்டாமல் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு தடவைகூட என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. காட்டிக்கொடுத்திருக்கலாம்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். “தாலி ஏர்றதுக்கு முன்னாடியே அவ பங்கையும் எழுதி வாங்கிப்போடலாம்னு இருக்கறம் கண்ணு. சாட்சிக் கையெழுத்துக்கு நீ வந்துரு. அத்தை நீயே போட்டிருக்கறயல்லொ, உன்னயப் பாத்தா அவளும் பேசாமப் போட்டுருவா.”

எரிச்சலைப் பாருங்கள் அக்கா. பெண்ணுரிமைக்காக நான் இத்தனை வருஷம் கத்தியதில் அண்ணனுக்குப் பயன்பட்டது இந்த முன்மாதிரிதான்.

போனேன். மறுக்கத் தைரியமில்லாமல்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். பத்திர ஆபீஸ் பெஞ்சில் அந்தப் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அத்தை, உங்க சித்தி மக ஒருத்தங்க எழுதிக் குடுத்தாங்கன்னு பேசுவீங்கல்ல, யூடியூப்ல பார்த்தேனுங்க. அவங்க அப்புறம் நல்லா இருந்தாங்களா?”

“எனக்குச் சித்தியே கிடையாது கண்ணு. அது நான்தான்” என்றேன்.

பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றினார். அண்ணன் கார் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “போட்டதிலிருந்து தீபாவளி, பொங்கலுன்னு நோம்பிக்கு நோம்பி மில்லு எண்ணெயோட சீர் வருது. வந்ததும் எண்ணெய்த் தூக்கை வாங்கி உள்ள வெச்சுட்டு, கதவச் சாத்தி அழுவேன். இதுல நல்லா இருக்கறதும் இருக்குது, இல்லாததும் இருக்குது. சாட்சிக் கையெழுத்து நான் போட மாட்டேன்” என்று எழுந்துவிட்டேன். என் பேச்சிலேயே யாரும் சிரிக்காத பேச்சு அதுதான்.

வாசல் வரை வந்து அண்ணன் சொன்னார், “இனிமே நம்மூட்டுப் பக்கம் வர வேண்டாமுங்க.” விரட்டும்போதும் மரியாதை குறையாத ஊர் இது. பிறந்ததிலிருந்து என்னை ‘வா, போ’ என்றே கூப்பிட்டவர்.

நேற்று அவள் போன் செய்தாள். கையெழுத்துப் போடவில்லையாம். கல்யாணம் நடக்குமா என்பதே தெரியவில்லையாம், வீட்டில் யாரும் பேசுவதில்லையாம். “தப்புப் பண்ணிட்டனாங்கத்தை?” என்று கேட்டாள். உங்களுக்கு ஒரு பதில் இருந்திருக்கும். எனக்கு, “தெரியல கண்ணு, எனக்கும் பயமாத்தான் இருக்குது” என்பதுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்தில் கூட்டம். அண்ணன் மில்லுக்கு நாலு தெரு தள்ளி. அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் வருவார்கள். நீங்கள் சொல்லச் சொன்ன கதையைச் சொல்லப் போகிறேன், இந்த முறை சித்தி மகள் இல்லாமல். என் பேரில் அதை எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ‘நான்’ என்று ஆரம்பித்தாலும் இரண்டாவது வரியில் சித்தி மகள் வந்து நின்றுவிடுகிறாள். வந்தாலும் சரி, அவளை இறக்கிவிட்டுவிட்டு நானே மேடை ஏறுகிறேன்.